பூங்காவில் ஆரூரா

1

வாழ்த்து அட்டை ஒன்று வந்திருக்கிறது. முன்பக்கம் மஞ்சள் பூக்கள், உள்ளே முழுக்கக் கையெழுத்துகள். பாதிக் கையெழுத்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன. வலது கை விளங்காமல் போனவர்கள் இடது கையால் போட்டவை. ‘ராஜிக்கும் தியாகுவுக்கும் எங்கள் எல்லாருடைய மகிழ்ச்சியும்’ என்று நடுவில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதை ஃப்ரிட்ஜின் மேல், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மனைவி ராஜேஸ்வரிக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. கையும் காலும் கொஞ்சம் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. போன சனிக்கிழமை, இங்கே ஒரு பூங்காவில் பாட்டுக் கூட்டத்தின் நடுவில், அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. சுத்தமாக, உரக்க வந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பையன் போனில் அழுதான். எல்லார் முகத்திலும் கல்யாணக் களை. நான் மட்டும் எழவு வீட்டுக்காரனைப் போல உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே பைத்தியக்காரன் பேச்சாகத்தான் கேட்டது. திருவாரூர்ப் பக்கத்து மனிதர்களுக்குச் சொன்னால் பாதி சொல்வதற்குள் புரிந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் இங்கிலாந்துக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஆற்றில் ஆனி மாதம் வரவேண்டிய தண்ணீர் வராமல் குறுவை பொய்த்துக்கொண்டிருந்த காலம். அதே காலத்தில்தான் தஞ்சாவூரில் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் வகுப்பு திறந்தார்கள். அண்ணன் போர்செட் போட்டுக்கொண்டு வயலில் நின்றார், நான் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊர் கொரடாச்சேரிப் பக்கம். தண்ணீர் வராததால் தண்ணீரைத் தாண்டி வந்தவன் என்று என்னை நானே கேலி செய்துகொள்வதுண்டு. கேலி செய்யும் அளவுக்கு அப்போது எல்லாம் நன்றாக இருந்தது.

பாட்டுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாதத்தில் பேச்சுப் போனவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் சேர்ந்து பாடுகிற கூட்டம் அது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஹெலன்தான் எங்களை அங்கே அனுப்பினாள். எங்கள் பையன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பேச்சு மண்டையின் ஒரு பக்கத்திலும் பாட்டு இன்னொரு பக்கத்திலும் குடியிருக்கிறதாம். பேச முடியாதவர்கள்கூடப் பாடிவிடுவார்களாம். நல்ல கதையாக இருக்கிறதே என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் உண்மைதான். ஜிம் என்று ஒரு லாரி டிரைவர். அவருக்கு வாயில் மிச்சமிருப்பது ஒரே ஒரு கெட்ட வார்த்தை. வணக்கத்துக்கும் அதுதான், டீ வேண்டும் என்பதற்கும் அதுதான். பாட்டு ஆரம்பித்தால் நாலு அடியும் பிசகாமல் கணீரென்று வரும். பாட்டு முடிந்ததும் மறுபடி அந்தக் கெட்ட வார்த்தைக்கே போய்விடுவார்.

கூட்டத்தை நடத்துகிறவர் ஜூடித், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். முன்பு ஒரு கூடத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். அதன் கூரை ஒழுக ஆரம்பித்ததால் ஜூடித் எல்லாரையும் பூங்காவுக்குக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். பூங்கா நடுவில் நம்மூர் எட்டுக்கால் மண்டபம் மாதிரி ஒன்று உண்டு. மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு. அங்கே சனிக்கிழமைதோறும் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, கோட்டுக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலிகளும் கைத்தடிகளுமாக உட்கார்ந்து பாடுவோம். நாயோடு நடக்கிறவர்கள் நின்று கேட்பார்கள். முதல் வாரம் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. நாலு பேர் பார்க்கத் தெருவில் நின்று பாடுகிற குடும்பமா நாங்கள் என்றிருந்தது.

கூச்சம் போனபிறகு வேறு ஒரு வேதனை வந்தது. அவர்கள் பாடுகிற பாட்டு ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தொட்டிலிலிருந்தே அவர்கள் காதில் விழுந்த பாட்டுகள். இத்தனை வருஷம் இந்த நாட்டில் சம்பாதித்திருக்கிறேன், வரி கட்டியிருக்கிறேன், அதிகாரிகளோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். ஆபீசுக்கு வேண்டிய ஆங்கிலம் எல்லாம் இருக்கிறது, பாட்டுக்கு வேண்டியது இல்லை. தாளைப் பார்த்து முணுமுணுப்பேன். ராஜி இடது கையால் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டு, வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் திறக்கமாட்டாள்.

3

ராஜி என் பெயரைச் சொல்லமாட்டாள். இதை நம்மூரில் ஒரு செய்தியாகவே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் ஒன்றும் பழங்காலத்து மனுஷி இல்லை. பி.காம். படித்தவள். இங்கே வந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாக ஓட்டியவள். மருந்துக் கடையில் கவுண்டரில் நின்று எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். என் பெயர் மட்டும் வராது. “என்னாங்க”தான். கூட்டத்தில் நான் தொலைந்துபோனாலும் “என்னாங்க”தான்.

“பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு நம்புறியா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அதெல்லாம் நம்பலீங்க. வாய் வர மாட்டேங்குது, அவ்வளவுதான்.”

என் பெயர் தியாகராஜன், இங்கே இருப்பவர்கள் வாயில் தியாகு. திருவாரூர்ச் சீமையில் வீட்டுக்கு ஒரு தியாகராஜன் இருப்பான், சாமி பெயர் அது. இதில் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. தேர் இழுக்கும்போது நம் ஜனங்கள் போடுகிற குரல் உங்களுக்குத் தெரியும். ஒருவர் “ஆரூரா” என்பார், வடம் பிடித்த கூட்டம் முழுக்க “தியாகேசா” என்று திருப்பிக் கொடுக்கும். கல்யாணமான முதல் பங்குனியில் கீழவீதியில் நின்றோம். ராஜி தொண்டை கிழிய “ஆரூரா” என்றாள். அடுத்த நொடி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ஊரே தியாகேசனைக் கூப்பிட, இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு தேரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“பாதி சாமியத்தான் கும்புடுறியா?” என்று கேட்டேன்.

“மீதியத்தான் வீட்டுலயே வச்சிருக்கேனே” என்றாள்.

அப்புறம் எத்தனையோ தேர் பார்த்தோம். இங்கே வந்த பிறகு போனில் நேரலையாகப் பார்த்தோம். சோபாவில் உட்கார்ந்துகொண்டு “ஆரூரா” என்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபாதியை நான் சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கத்தால் ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். நான் முதலில் வந்து வீடு பார்த்த பிறகு, ராஜி கைக்குழந்தையோடு தனியாக வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அதிகாரி “உன் கணவர் பெயர் என்ன?” என்று கேட்டிருக்கிறார். இவள் பாஸ்போர்ட்டைக் காட்டி “அதிலேயே இருக்கிறது” என்றிருக்கிறாள். நீ சொல் என்றிருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயர் தெரியாத பெண்டாட்டி! பொய்க் கல்யாணம் என்று முடிவு கட்டித் தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த என்னை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். நான் போய்த் தலையால் தண்ணீர் குடித்து விளக்கினேன். அந்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில், இவளை நான் அடித்து வளர்க்கிறேன் என்கிற முடிவு தெரிந்தது.

“எழுதிக் காட்டுனேங்க. அந்தாளுக்குப் படிக்கத் தெரியலன்னா நான் என்ன பண்றது?” என்றாள் ராஜி டாக்சியில். பதற்றத்தில் தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறாள்.

வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது சிரிக்க எழுதவில்லை.

4

வாதம் வந்து கொஞ்ச நாளில் பேச்சைச் சோதிக்க ஒரு படிவத்தோடு ஹெலன் வந்தாள். ஆங்கிலம் முழுக்கத் துடைத்துப்போயிருந்ததால் தமிழில்தான் சோதிக்க வேண்டும். எனக்குத் தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியும், நோயாளியையும் தெரியும். ஆனால் குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. நான் வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். போனில் ஒரு அம்மா வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ். குரல் தங்கமான குரல்.

“ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணுங்கோ பாப்பம்” என்றார்.

ராஜி வெகுநேரம் போனையே பார்த்தாள். பிறகு, வாய் கோணிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து வந்தது: “லாபம்... ரெண்டு... மூணு... நாலு.”

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். போனம்மா குழம்பி, “லாபம், இரண்டு, மூன்று என்று சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஹெலன் முதல் கட்டத்தில் தப்பு என்று குறித்தாள்.

தப்பா? களத்தில் நெல் அளக்கிற எவனும் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவான். ராஜியின் அப்பா களத்தில் நின்று அப்படித்தான் அளந்தார், அவள் அதைக் கேட்டு வளர்ந்தவள். இங்கே வந்தும் குக்கரில் அரிசி போடும்போது டம்ளருக்கு டம்ளர் “லாபம், ரெண்டு” என்றுதான் சொல்வாள். இதை நான் கைகாலை ஆட்டி ஹெலனுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அழகான வழக்கம் என்றாள். எண்ணுவது பேச்சில் சேராது, அது வெறும் வாய்ப்பழக்கம், யோசிக்காமல் வருவது என்றும் சொன்னாள். தப்பை மட்டும் அழிக்கவில்லை.

அடுத்து போனம்மா கேட்டார்: “உங்கட மனுசன்ர பேர் என்னண்டு கேக்கினம்.”

ராஜி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டதாக எனக்குப் பட்டது. வாதத்தில் வந்த கோணலா, பழைய சிரிப்பா, தெரியவில்லை. ஹெலன் காத்திருந்தாள். பூஜ்யம் போட்டாள்.

அந்தப் பூஜ்யத்தைத்தான் நான் ஒரு வருஷமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பாருங்கள். லாபம் என்று தொடங்கத் தெரிந்தவளுக்குப் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியாமலா இருக்கும்? இது மறதி இல்லை, மரியாதை. வாய்தான் பூட்டிக்கொண்டதே தவிர, உள்ளே என் ராஜி முழுசாக உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குனிந்த தலைதான் எனக்கு அத்தாட்சி. வேறு எந்த ஸ்கேனையும் நான் நம்பவில்லை.

இரவுச் சமையலுக்கு அவளை அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். டம்ளரில் அரிசியை எடுத்து அவள் முன்னால் நீட்டிக் கொட்டுவேன். “லாபம்” என்பாள். இன்னொன்று கொட்டுவேன். “ரெண்டு.” எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். இரண்டு பேருக்கு ஒன்றரை டம்ளரே அதிகம். நான் அந்தப் பேச்சு நீளட்டும் என்று நாலு டம்ளர் போடுவேன். மறுநாளெல்லாம் பழைய சோறு.

5

பையன் கார்த்திக் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். அவன் தமிழ், சாப்பாட்டுத் தமிழ். வேணும், போதும், சூடு, காரம், அம்மா, அப்பா. அவனும் ராஜியும் ஆங்கிலத்தில்தான் உலகத்தையே பேசுவார்கள். அவளுக்கு ஆங்கிலம் போனதும் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பாலம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பேச ஒன்றும் இருக்காது.

சும்மா இருக்க முடியாமல் அவனே பாடம் எடுக்க ஆரம்பித்தான். என் போட்டோவைத் திரையில் பெரிதாகக் காட்டி, “அம்மா, இது யாரு? தியாகு. சொல்லு, தி...யா...கு” என்பான். ஹெலன் கொடுத்த வீட்டுப் பாடத்தாளில் இருப்பதையும் விடமாட்டான். “லாபம் இல்லம்மா. ஒண்ணு. ஒண்ணு சொல்லு.”

“டேய், அதைத் தொடாதடா” என்றேன் ஒருநாள், போனைப் பிடுங்கி. “அம்மா என் பேரச் சொல்ல மாட்டா. அவளுக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டா.”

“அப்பா, ப்ளீஸ். அவங்களுக்குத் தெரியல. அவங்க மறந்துட்டாங்க. நீங்கதான் ஏத்துக்க மாட்டேங்கறீங்க.”

“உனக்கு என்னடா தெரியும் உங்கம்மாவப் பத்தி?”

கொட்டிவிட்டேன். அவன் ஆங்கிலத்தில் சொன்னான்: எனக்கு அம்மாவோடு பேசவேண்டும் அப்பா, அவர் சொல்கிற ஏதாவது ஒரு சொல்லாவது எனக்குப் புரியவேண்டும். நான் போனை வைத்துவிட்டேன். அவன் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அவனும் ஒரு சொல்லைத்தான் பிடித்துத் தொங்கினான். அவன் பிடித்த சொல் வந்தால் என் பிடி போய்விடும், அதுதான் விஷயம்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபரிசீலனைக் கடிதம் வந்தது. முன்னேற்றம் காணவில்லை என்றால் பயிற்சி நிறுத்தப்படும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். போன் செய்தேன். இசை போட்டார்கள். இசை முடிந்து ஒரு குரல் வந்து, உங்கள் வருத்தம் புரிகிறது என்றது. வருத்தம் புரிகிறவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. ஹெலனிடம் கெஞ்சினேன். அவள் கண் கலங்கிவிட்டது. “பொருளோடு ஒரு சொல், ஒரே ஒரு சொல் வந்தால் போதும், நான் போராடுகிறேன்” என்றாள்.

6

ஜூடித் கூட்டத்தில் ஒரு புது ஏற்பாடு செய்தார். வாரம் ஒரு குடும்பம், தங்கள் ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட மற்றவர் திருப்பிச் சொல்கிற பாட்டு ஒன்று கொண்டுவர வேண்டும். ஜமைக்கா அம்மா ஒருவர் கொண்டுவந்தார், கேட்டுக்கொண்டிருந்த நாய்கள்கூட ஆடின. அடுத்த சனிக்கிழமை எங்கள் முறை.

எனக்குப் பாட்டு வராது. ஆனால் ஜூடித் சொன்ன கணத்திலேயே மனதில் விழுந்தது ஆரூராதான். விழுந்ததும் ஒரு திட்டமும் வந்தது. நான் “ஆரூரா” என்று எடுத்துக்கொடுப்பேன். ராஜிக்கு அது ரத்தத்தில் ஊறினது, ஹெலன் சொன்ன மாதிரி யோசிக்காமல் வரும், அவளும் “ஆரூரா” என்பாள். கூட்டம் மறுபாதியைச் சொல்லும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். அப்போது ஹெலனைப் பார்த்து நான் சொல்வேன்: பார்த்தாயா, ஒரு பாதியைச் சொல்கிறாள், மறுபாதியைச் சொல்லமாட்டேன் என்கிறாள். இது மறதி செய்கிற காரியமா? பூஜ்யத்தை அழி. ஹெலனைக் கூப்பிட்டேன், வருகிறேன் என்றாள். பையனையும் வரச் சொன்னேன், அவனால் முடியவில்லை. போனில் பார்க்கிறேன் என்றான்.

சனிக்கிழமை வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. ஊரில் தேருக்குப் பந்தக்கால் நட்டாயிற்று என்று அண்ணன் காலையில்தான் சொல்லியிருந்தார். ராஜிக்கு அரக்குக் கலர் சேலை கட்டி, மேலே கோட்டு மாட்டி, பொட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரிய தேர் உண்டு, அதை இழுக்கிற குரல் இது என்று சொன்னேன். மறுபாதியைச் சொல்லிக்கொடுத்தேன். “தியாகேசா” வெள்ளைக்கார வாய்களில் எப்படியெப்படியோ புரண்டு கடைசியில் ஒரு மாதிரி நின்றது. ஹெலன் ராஜிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கார்த்திக்கைப் போனில் எதிர் நாற்காலியில் நிறுத்தினேன்.

“ஆரூரா” என்றேன்.

கூட்டம் திருப்பிக் கொடுத்தது. ராஜி பேசாமல் என்னைப் பார்த்தாள்.

மறுபடி “ஆரூரா.” இப்போது இன்னும் சத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜிம் வடம் பிடித்தவரைப் போலக் கையை முறுக்கிக்கொண்டு கத்தினார். ராஜியின் இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. உதடு அசைந்தது. சொல்லு ராஜி, உன் பாதியைச் சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மூன்றாம் முறை என் குரல் உடைந்துவிட்டது. “ஆரூரா!”

ராஜி வாயைத் திறந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக, அத்தனை பேரையும் மீறிக்கொண்டு, நாலு வீதிக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: “தியாகேசா!”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. கூட்டம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் அவள் மட்டும் இன்னொரு முறை சொன்னாள். ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைக் கையால் காட்டி, “ராஜி, இது யார்? யார் இது?” என்றாள்.

ராஜி என்னைப் பார்த்தாள். தலையைக் குனியவில்லை. பச்சைக் குழந்தை பார்க்கிற மாதிரி நேராக, பளிச்சென்று பார்த்து, “தியாகு” என்றாள்.

ஊரில் என்னைத் தியாகு என்று கூப்பிட்டவள் என் அம்மா ஒருத்திதான். போனில் கார்த்திக் “அப்பா! அப்பா! சொல்லிட்டாங்க!” என்று அலறினான். ஜூடித் என்னைக் கட்டிக்கொண்டார். ஜிம் தன் கெட்ட வார்த்தையை அழுதுகொண்டே சொன்னார். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். நான் அழுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் தட்டினார்கள்.

மீதியை வீட்டிலேயே வைத்திருக்கிறேன் என்றவள் எங்கே போனாள்? நான் கூட்டி வைத்த சபையில், நானே எடுத்துக்கொடுத்த குரலில், என் சாட்சி எனக்கே எதிராகச் சொல்லிவிட்டது.

7

பயிற்சி தொடரும் என்று கடிதம் வந்துவிட்டது. கணவரின் பெயரைத் தானாகச் சொன்னார் என்று ஹெலன் அறிக்கை எழுதியிருக்கிறாள். நல்லதுதான். ஒரு வருஷமாகக் கும்பிட்டுக் கேட்டது கிடைத்திருக்கிறது, இனிமேல் இன்னும் சொற்கள் வரலாம். எனக்குப் புரியாமல் இல்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்: முட்டாளே, அவள் பேசுகிறாள், அது போதாதா? பெயர் சொன்னால் என்ன? இந்த ஊரில் எல்லாப் பெண்டாட்டியும் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறாள்? சொல்லிக்கொள்கிறேன், உள்ளே இறங்கவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் போர்செட் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ராஜி பேசிட்டாண்ணே.”

“அடேய்! ஆரூரா! என்னடா சொல்லிச்சு?”

“எம்பேரச் சொன்னாண்ணே.”

மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, “பேரயா சொல்லிச்சு?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். பிறகு போனை அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி “ஐயோ தம்பி” என்று தொடங்கி, மேலே பேச முடியாமல், “சாப்புட்டீங்களா?” என்று கேட்டார். இந்த ஒரு வாரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த இரண்டு பேரின் மௌனம்தான்.

வீட்டில் இப்போது நாளெல்லாம் தியாகுதான். தண்ணீருக்குத் தியாகு, டிவிக்குத் தியாகு, கால் வலிக்குத் தியாகு. நேற்று சாயங்காலம் நடையில் நின்றுகொண்டு பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். “தியாகு” என்றாள். பேசாமல் நின்றேன். “தியாகு” என்றாள், கொஞ்சம் பயந்து. ஆள் காணாமல் போனால் பழைய குரல் வந்துவிடாதா, ஒரே ஒரு “என்னாங்க” வந்துவிடாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தியாகுவில் அழுகை சேர்ந்துவிட்டது. “வந்துட்டேம்மா, வந்துட்டேன்” என்று ஓடினேன்.

இரவு சமைக்கப் போனேன். அவளும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போலக் குக்கரைப் பார்த்தாள். நான் டம்ளரில் அரிசியை எடுத்துவிட்டேன். அவள் வாய் தயாராகத் திறந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு நான் அளக்கவே இல்லை. கடைச் சாப்பாடு, ரொட்டி என்று ஏதேதோ சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன். கொட்டினால் முதல் டம்ளருக்கு அவள் இன்னும் லாபம் என்கிறாளா, ஒண்ணு என்கிறாளா என்று தெரிந்துவிடும்.

டம்ளரில் இருந்ததை அரிசிப் பானையிலேயே திரும்பக் கொட்டினேன். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கையால் அள்ளி அள்ளிக் குக்கரில் போட்டேன். எத்தனை பிடி என்று நானும் எண்ணவில்லை.